நின்ற கோலம்

அந்தப் பட்டறைக்காரர் கைக்குத் தங்கக் காப்பு போட வேண்டும். அப்பா 1978-ல் வாங்கிய பிரீமியர் பத்மினி, மாமரத்தடியில் பத்து வருஷம் துருவேறிக் கிடந்தது. பதினோரு மாதத்தில் அதைக் கல்யாணப் பெண்ணாக்கித் திருப்பித் தந்தார். பட்டி பார்த்த இடம் எதுவென்று கையால் தடவினாலும் தெரியாது. பானெட்டில் முகம் பார்த்து மீசையைத் திருத்திக்கொள்ளலாம். குர்லா தொழிற்சாலையிலிருந்து இறங்கிய அன்றுகூட அது இப்படி மின்னியிருக்காது.

நின்ற கோலத்தில் அதற்கு ஈடில்லை. கோயில் வாசலில், கல்யாண மண்டபத்தில், கண்காட்சித் திடலில் எங்கு நிறுத்தினாலும் கூட்டம் கூடுகிறது. நிறுத்திவைத்த வண்டியாக அதில் ஒரு குறை சொல்ல முடியாது. ஓடுகிற வண்டியாக அதை நிறுத்தப் போனபோதுதான் அவருடைய கைவண்ணம் முழுவதும் தெரிந்தது.

பிரேக் பெடலில் கால் வைத்தால் இலவம்பஞ்சுத் தலையணையை மிதிப்பது போல அத்தனை மெத்தென்று இருந்தது. என்ன பணிவான பெடல்! எதிர்த்து ஒரு வார்த்தை பேசாமல் தரைவரை வழிவிடும். இரண்டு மூன்று முறை பம்ப் பண்ணிக் கேட்டால் மனமிரங்கி மேலே வரும். சிக்னலில் அழுத்திப் பிடித்திருந்தால், நமக்குச் சிரமம் வைக்காமல் தானாகவே மெல்ல மெல்ல இறங்கும்.

சேலத்தில் ஒரு வயதான மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். சக்கரத்தைக் கழற்றினார். டிரம்முக்கு வெளிப்புறம் கறுப்பு பெயின்ட், ஒரு சொட்டு வழியாமல் அடித்திருந்தது. யாரும் பார்க்காத இடத்திலும் பெயின்ட் அடித்த அந்த அக்கறையை மெச்சத்தான் வேண்டும். உள்ளே, புது லைனரின் நடுவில் இரண்டு விரல் அகலத்துக்கு மட்டும் பளபளப்பு. இரு ஓரமும் டிரம்மைத் தொடவே இல்லை. லேத்தில் கடைந்து கடைந்து டிரம்மின் உள்வட்டம் பெரிதாகிவிட்டது. அந்த வளைவுக்கு லைனரைத் தேய்த்துப் பொருத்தவில்லை. மிதிக்கும்போது ஷூ வளைந்து கொடுக்கிறது. "இதுக்கு எத்தனை தடவை ஏர் எடுத்தாலும் ஸ்பாஞ்சாத்தான் சார் இருக்கும்" என்றார்.

மாஸ்டர் சிலிண்டரில் பழைய ரப்பர் வாஷரே இருந்தது. அப்பாவின் நினைவாக விட்டுவைத்தார் போலும். அது தேய்ந்து ஆயிலைப் பின்பக்கம் கசியவிட்டதால்தான் பெடல் தானாக இறங்கியது. ஆயிலும் மாற்றப்படவில்லை, டிகாக்‌ஷன் நிறத்தில் இருந்தது. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். டாட் 3 ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதிக்கக் கூடாது. ஈரம் ஏறியபின் அந்த வரம்பு 140 டிகிரிக்கு இறங்கிவிடும். மறுவாரம் ஏற்காடு போவதாக இருந்தோம். இருபது கொண்டை ஊசி வளைவுகள். இறக்கத்தில் டிரம் சூடேறி ஆயில் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். ஆவி அமுங்கும், பெடல் தரையில் போய் உட்காரும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன்தான், கைகொடுக்க இன்னொன்று கிடையாது. பின் சீட்டில் பெல்ட்டும் இல்லை. அங்கே என் மகள் உட்கார்ந்திருப்பாள்.

இதை எழுதும்போதும் எனக்குக் கை நடுங்குகிறது.

வாஷர் கிட், வீல் சிலிண்டர், ரப்பர் ஹோஸ், ஆயில், டிரம்முக்குப் பொருந்தத் தேய்த்த லைனர், கூலி எல்லாம் சேர்த்து, பம்பருக்குக் குரோம் பூசக் கொடுத்ததில் பாதிகூட ஆகவில்லை. இப்போது பெடல் கொஞ்ச தூரத்திலேயே கல்லில் மிதித்ததுபோல் நிற்கிறது.

பழைய வண்டியைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறீர்களா? எடுக்கப் போகும் அன்று பெயின்டைப் பார்க்காதீர்கள். முதலில் உள்ளே உட்கார்ந்து, பிரேக்கை ஒரே மிதியாக அழுத்தி அரை நிமிஷம் பிடியுங்கள். பெடல் இறங்கினால், சாவியைப் பட்டறையிலேயே வைத்துவிட்டு வாருங்கள்.