ஓசை போன திசை

மடிக்கணினியில் ஒலி வராத நிலை எனப்படுவது, திரையில் பாடகர் வாயசைக்க, ஒலிப்பட்டை நூறைத் தொட்டு நிற்க, குறையேதும் இல்லை என்று கணினி அறிவிக்க, கேட்பவருக்கு மட்டும் ஒன்றும் கேளாதிருக்கும் நிலையாகும். இந்நிலைக்கு ஆளானோர் முதலில் செய்வது ஏற்கெனவே நூறில் நிற்கும் ஒலியை மேலும் கூட்ட முயல்வது. அடுத்துச் செய்வது கணினியின் விலாவில் தட்டுவது. மூன்றாவதாகச் செய்வது அதைக் கடைசியாகத் தொட்டவர் யார் என்று வீட்டில் விசாரிப்பது. இவற்றுள் முதலிரண்டும் வீண். மூன்றாவது குடும்ப அமைதிக்குக் கேடானது எனினும் ஆராய்ச்சி முறைக்கு மிக நெருங்கியது. ஏனெனில் ஸ்பீக்கர் உண்மையிலேயே பழுதாவது அரிது, பெரும்பாலான நேர்வுகளில் எவரோ எப்போதோ இட்ட ஓர் ஆணையைக் கணினி மறவாமல் நிறைவேற்றிக்கொண்டிருக்க, இட்டவர்தான் அதை மறந்துபோயிருக்கிறார்.

பாடல் கணினிக்குள் பாடலாக இருப்பதில்லை. ஒலியலையின் உயரத்தை நொடிக்கு 44,100 முறை அளந்து எழுதிய எண்வரிசையாகவே அது பெரும்பாலும் வைக்கப்பட்டுள்ளது. குறுந்தகடு சந்தைக்கு வந்த 1982 முதல் வழங்கிவரும் அளவு இது, காணொளிகளில் 48,000. அவ்வெண்கள் பாடலை இயக்கும் செயலியிலிருந்து புறப்பட்டு, பல செயலிகளின் ஒலிகளை ஒன்றாகக் கலக்கும் மிக்சருக்கு வந்து, இயங்குதளம் சொல்வதை வன்பொருளுக்குப் புரியும்படி எடுத்துரைக்கும் டிரைவர் என்ற மென்பொருளைக் கடந்து, எண்களை மின்னழுத்தமாக மாற்றும் கோடெக் என்ற சில்லை அடைந்து, பெருக்கியில் வலுப்பெற்று, இறுதியில் ஸ்பீக்கரின் மெல்லிய சவ்வை அசைக்கின்றன. மேட்டூரில் திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேரவில்லையென்றால் உழவர் இடையிலுள்ள மதகுகளைத்தான் பார்ப்பார். கணினி உடையவரோ மதகுகளை விட்டுவிட்டு வயலையே வெட்டிப் பார்க்கத் துணிகிறார், அதாவது நேரே பழுதுபார்க்கும் கடைக்குப் போய் ஸ்பீக்கரை மாற்றச் சொல்கிறார். பல மடிக்கணினிகளில் உள்ள கோடெக் தைவானின் ரியல்டெக் நிறுவனம் செய்தது என்பதும், அந்நிறுவனத்தின் சின்னம் நண்டு என்பதும் உண்மையே. ஆயினும் நண்டைப் பற்றித் தமிழர் கொண்டுள்ள கருத்துகளை வைத்து அச்சில்லின் மேல் பழிபோடுவது அறிவியலாகாது.

வழியில் உள்ள தடைகளுள் எளியது ஒலியளவு. காணொளிக்கு ஒன்று, உலாவிக்கு ஒன்று, 2007இல் பொதுமக்களிடம் வந்த விண்டோஸ் விஸ்டா காலந்தொட்டு மிக்சரில் ஒவ்வொரு செயலிக்கும் ஒன்று, முழுக் கணினிக்கும் ஒன்று, போதாக்குறைக்கு விரல் தவறிப் படுவதற்கென்றே அமைந்ததுபோல் விசைப்பலகையின் மேல்வரிசையில் ஒலியை அடக்கும் பொத்தான் ஒன்று. இவை கூட்டலாக அன்றிப் பெருக்கலாக வேலை செய்வதால், எல்லாம் முழு அளவில் இருக்க ஒன்றே ஒன்று சுழியாக இருந்தாலும் விடை சுழிதான். தொடக்கப்பள்ளியில் கற்ற இந்த உண்மை ஆத்திரத்தில் நினைவுக்கு வருவதில்லை. இவற்றுக்கும் மேலாக, உரையாடல் நடப்பதாகத் தான் கருதினால் மற்ற ஒலிகளை 80 விழுக்காடு குறைத்துவிடும் வழக்கம் விண்டோசுக்கு உண்டு. எவரும் கேளாமலேயே செய்யப்படும் இந்த மரியாதையை நிறுத்தும் இடம், மரியாதைக்குரியவர் எவரும் எளிதில் சென்றடைய முடியாத அமைப்புப் பக்கமொன்றின் கடைசித் தாவலில் இருக்கிறது.

ஒலி அளவில் குறையாமல் இடம் மாறிப்போவது அடுத்த வகை. எச்டிஎம்ஐ வடத்தால் தொலைக்காட்சியோடு இணைத்த கணினி தன் ஒலியையும் அங்கே அனுப்பிவிடும். தொலைக்காட்சியின் ஒலியை வீட்டுப் பெரியவர் முன்னிரவே அடக்கி வைத்திருந்தால் குற்றம் கணினியின் மேல் வந்து விழும். புளூடூத் ஹெட்போனின் பாடு இதனினும் நுட்பமானது: மேசை இழுப்பறைக்குள் அணைக்காமல் போட்டுவைத்த ஹெட்போன் பழைய உறவை மறவாமல் தானே கணினியோடு இணைந்துகொள்ள, கச்சேரி முழுவதும் இழுப்பறைக்குள் நிகழ்ந்து முடியும். காதில் அணிந்திருந்தாலும் ஒரு சிக்கல் உண்டு. இசையை ஒருவழியாக அனுப்புவதற்கு ஒரு முறையும், பேசவும் கேட்கவும் இன்னொரு முறையும் அதில் வழங்குவதால், ஏதேனும் ஒரு செயலி மைக்கைத் திறந்த நொடியில் ஹெட்போன் இரண்டாம் முறைக்குத் தாவி, நொடிக்கு 8,000 அல்லது 16,000 அளவுகளோடு நிறுத்திக்கொள்ள, சிம்பொனியும் தொலைபேசியில் கேட்கும் வாழ்த்துச் செய்திபோல் ஆகிவிடும்.

3.5 மில்லிமீட்டர் துளை தனி அதிகாரம் பெறத் தக்கது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொலைபேசி இணைப்பகப் பணியாளர்கள் செருகியும் பிடுங்கியும் பேச்சை இணைத்த கால் அங்குலச் செருகியின் மெலிந்த வாரிசு அது. டிரான்சிஸ்டர் வானொலியோடு பரவி, 1979இல் சோனி வாக்மேனுக்குள்ளும் இடம்பிடித்தது. செருகியின் நுனி இடக்காதுக்கும், அடுத்த வளையம் வலக்காதுக்கும், அடிப்பகுதி மின்னோட்டம் திரும்பிச் செல்லும் பொது வழிக்கும் உரியவை. செருகி முழுதும் நுழையாமல் அந்தப் பொது வழி மட்டும் விட்டுப்போகும்போது, இரு காதுகளின் ஒலிப்பான்களும் தொடராக இணைந்து, இடத்தடத்துக்கும் வலத்தடத்துக்கும் உள்ள வேறுபாட்டை மட்டுமே ஒலிக்கின்றன. பாடகரின் குரல் இரு தடங்களிலும் சம அளவில் பதிவாவதே வழக்கம் ஆதலால் அது கழிபட்டு மறைய, ஓரங்களில் பதிவான வயலின்களும் எதிரொலியும் மட்டும் எஞ்சி, எஸ்.பி.பாலசுப்ரமணியம் பாடிய பாட்டில் அவர் ஒருவர் மட்டும் இல்லாத நிலை தோன்றுகிறது. 1944இல் வந்த ஹரிதாஸ் போன்ற படங்களின் ஒற்றைத் தடப் பாடல்களிலோ கழித்த பின் மிஞ்ச எதுவும் இல்லை; பாடும் பாகவதரோடு பக்கவாத்தியமும் சேர்ந்து போய்விடும். புதிய பாட்டில் பாடகரும், பழைய பாட்டில் பாட்டே முழுவதும் காணாமற்போயின், புலன் விசாரணை வேண்டியதில்லை, செருகியை இன்னும் சற்று அழுத்தினால் போதும்.

அத்துளைக்குள் செருகி இருக்கிறதா என்று உணரும் சிறு விசையொன்றும் உண்டு. பஞ்சும் தூசும் அடைந்து அது சிக்கிக்கொண்டால், ஹெட்போன் எப்போதோ பிடுங்கப்பட்டுவிட்டதை அறியாமல் கணினி ஸ்பீக்கரை அடக்கியே வைத்திருக்கும். பழைய மேக்புக் வகைகள் சிலவற்றில் ஒளி வழியே ஒலி அனுப்பும் வசதியும் அதே துளையில் அமைந்திருந்ததால், விசை சிக்கிய வேளையில் ஸ்பீக்கர் அடங்கி, துளையிலிருந்து செவ்வொளி வீசும்.

டிரைவர் கெட்டுப்போவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: நன்றாக இருந்ததைப் புதுப்பித்தல் என்ற பெயரில் மாற்றியதால் வந்த வினையாயின், முந்தைய பதிப்புக்குத் திரும்புவதே வழி. ஆனால் அணைத்துப் போடுதல் என்னும் புகழ்பெற்ற வைத்தியத்தில் ஒரு நுணுக்கம் உண்டு. 2012இல் வந்த விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்குவதற்காக, அணைக்கும்போது இயங்குதளத்தின் கருவும் டிரைவர்களும் இருந்த நிலை வட்டில் எழுதி வைக்கப்பட்டு மறுநாள் அப்படியே எழுப்பப்படுகிறது. ஆகவே இரவெல்லாம் அணைந்து கிடந்த கணினி நேற்றைய கோளாற்றை நினைவோடு கொண்டுவர, மறுதொடக்கம் என்ற கட்டளை மட்டுமே அதை உண்மையில் மறக்கச் செய்கிறது. லினக்ஸ் பயன்படுத்துவோருக்கு இத்துன்பம் வேறு வடிவில் வரும். 1998இல் தொடங்கிய அல்சா என்ற ஒலி மென்பொருளின் மேல் 2004இல் பல்ஸ்ஆடியோ என்ற இன்னொன்று வந்தமர்ந்தது. 2017இல் அறிமுகமான பைப்வயர், செயலிகளிடம் தன்னையே பல்ஸ்ஆடியோ என்று சொல்லிக்கொண்டு அதன் இடத்தைப் பிடித்தது. ஒலியை அடக்கியது இவர்களுள் யார் என்று கேட்டால் மூவரும் மற்றவரைக் கைகாட்டுவர்.

சார்ஜரைச் செருகியதும் வெளிப் பெருக்கியில் எழும் ரீங்காரம் இந்திய மின்வழங்கலின் 50 ஹெர்ட்ஸ் அலை தரையிணைப்பு வழியே நுழைவதால் வருவது. சார்ஜரைப் பிடுங்கினால் அது நிற்கும், மின்கலம் தீர்ந்ததும் பாட்டும் நிற்கும். ஒலி வந்தும் மிருதங்கத்தின் தொப்பி கேட்கவில்லை என்பாரும் உளர். காசளவுச் சவ்வால் அவ்வளவு காற்றைத் தள்ள இயலாது. தவிர, அடிப்பக்கம் ஸ்பீக்கர் அமைந்த கணினியை மெத்தைமேல் வைத்தால் கேட்பது பெரும்பாலும் மெத்தைதான்.

இதுவரை கூறியவை வெளிச்செல்லும் ஒலிக்கு உரியவை. உள்வரும் ஒலிக்கும் இத்தனை மதகுகளும், மைக்கை அடக்கும் தனிப் பொத்தானும் உண்டு. இணையவழிக் கூட்டத்தில் ஒருவருக்கு இரு வழிகளும் ஒருங்கே அடைபடும்போது, அவர் பேசுவது கேட்கவில்லை என்று மற்றவர்கள் கூவுவது அவருக்குக் கேட்பதில்லை; காதைத் தொட்டும் கையை ஆட்டியும் அவர்கள் காட்டும் சைகைகளை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டு, ஆண்டறிக்கையின் எஞ்சிய பக்கங்களையும் ஒன்றுவிடாமல் வாசிக்கிறார்.