ஒரிஜினல் பிரிண்ட் சித்தப்பா

வெள்ளிக்கிழமை முதல் காட்சிக்கு இன்னும் இடைவேளைகூட விட்டிருக்க மாட்டார்கள். அதற்குள் சித்தப்பாவிடமிருந்து போன் வந்துவிடும். "டேய், ஒரிஜினல் பிரிண்ட் வச்சிந்தா?"

வீட்டில் தமிழ், கடைத்தெருவில் தெலுங்கு, சினிமா என்று வந்துவிட்டால் இரண்டும். ஆந்திரத்து நாயுடுபேட்டைப் பேச்சு அப்படித்தான். கேள்விக்குப் பதில் அவருக்குத் தெரியும். அண்ணன் மகனுக்குத் தெரியாது என்பதை ஊர்ஜிதம் செய்துகொள்ளத்தான் போன். "உனக்கெல்லாம் எதுக்குடா ஐடி வேலை?" என்று கேட்டுவிட்டு அவரே லிங்க் அனுப்பி வைப்பார். தளத்தை முடக்கிவிட்டார்கள் என்று பேப்பரில் செய்தி வரும் நாளில், அதே தளத்தின் புதுப் பெயர் அவருடைய டைரியில் ஏறியிருக்கும். பால் கணக்குக்கும் மின் கட்டணத்துக்கும் நடுவில், தேதி போட்டு.

ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சித்தப்பா காசில்லாதவர் இல்லை. மெயின் ரோட்டில் ஹார்ட்வேர் கடை, சொந்த மாடி வீடு, வருஷம் தவறாமல் புது போன். படம் பார்க்கத் தேவையான எல்லாவற்றுக்கும் கேட்ட விலையைக் கொடுப்பார்: போன், ரீசார்ஜ், பவர் பேங்க், ஹார்ட் டிஸ்க், காதில் மாட்டும் ப்ளூடூத். படத்துக்கு மட்டும் கொடுக்க மாட்டார்.

அவர் கடைப்பிடிக்கும் விரதம் ஒன்றே ஒன்றுதான். ராத்திரி பன்னிரண்டு மணி அடிக்கும்போது அன்றைய டேட்டா மிச்சம் இருக்கக் கூடாது.

2016 செப்டம்பரில் ஜியோ வந்தபோது பிடித்த பழக்கம் இது. அதற்கு முன்பு சென்னைக்குச் சரக்கு எடுக்கப் போகிறபோதெல்லாம் பர்மா பஜாரில் சிடி வாங்கி வருவார். பாட்டு வேண்டுமென்றால் மொபைல் கடையில் மெமரி கார்டைக் கொடுத்து நிரப்பி வாங்குவார். டேட்டா, நாள் கணக்கில் வந்த பிறகுதான் அவருக்குள் இருந்த குடும்பஸ்தன் விழித்துக்கொண்டான். நாளைக்கு 2 ஜிபி. அதில் வாட்ஸ்அப், கடை பில், வாயு வேகத்தில் வரும் பக்தி வீடியோக்கள் எல்லாம் போக, இரவு பதினோரு மணிக்குக் கொஞ்சம் மிச்சம் நிற்கும். அது பன்னிரண்டு மணிக்குக் கம்பெனிக்காரனுக்கே திரும்பிப் போய்விடும் என்ற நினைப்பு அவரைத் தூங்க விடாது. சாப்பிட்ட தட்டில் ஒரு பருக்கை விடாதவர், 900 எம்பியை எப்படி விடுவார்?

ஆகவே சித்தப்பா பார்க்கும் படத்தைத் தீர்மானிப்பது இயக்குநர் இல்லை, ஹீரோ இல்லை, விமர்சனம் இல்லை. மிச்சம்தான் தீர்மானிக்கும். 900 எம்பி இருந்தால் 700 எம்பி படம். ஒன்றரை ஜிபி இருந்தால் 1.4 ஜிபி படம். சிடி ஒன்றில் 700 எம்பிதான் அடங்கும் என்பதால் அந்தக் காலத்தில் படத்தை அந்த அளவுக்கு அமுக்கினார்கள், பெரிய படமென்றால் இரண்டு சிடி, 1.4. சிடி செத்துப்போய் எத்தனையோ வருஷமாகியும் அந்த அளவுகள் சாகவில்லை. "இன்னிக்கு என்ன படம் சித்தப்பா?" என்று கேட்டால், "எழுநூறு எம்பி" என்பார். பெயரை அப்புறம்தான் பார்ப்பார். கல்யாண வீட்டில் வைஃபை கிடைத்த அன்று 2.5 ஜிபி படம் ஒன்றை இறக்கிவிட்டு, மாப்பிள்ளையைவிட மலர்ச்சியாக உட்கார்ந்திருந்தார்.

சில ராத்திரிகளில் கணக்கு தப்பிவிடும். 93 சதவீதத்தில் மணி பன்னிரண்டு ஆகும். அது ஒன்றும் நஷ்டமில்லை, புது நாளின் 2 ஜிபி வந்துவிடும். ஆனால் இன்றைய படத்துக்கு நாளைய டேட்டாவைத் தொடுவது அவருக்குக் கடன் வாங்கிய மாதிரி. மறுநாள் முழுக்க முகம் சரியாக இருக்காது. கடையில் ஆணி வாங்க வந்தவர்கூட என்னவோ ஏதோ என்று விசாரித்துவிட்டுப் போவார்.

சிக்னல் நன்றாகக் கிடைப்பது மொட்டை மாடியில். 2024 டிசம்பர் 30 இரவு பத்து மணிக்கு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து பிஎஸ்எல்வி-சி60 கிளம்பியபோது தெருவே மாடியேறி நின்றது. கிழக்கு வானம் ஆரஞ்சு நிறமானது, பிள்ளைகள் கத்தினார்கள், சித்தியும் கைதட்டினார். சித்தப்பாவும் மாடியில்தான் இருந்தார், போனைப் பார்த்தபடி. சுமார் கால் மணி நேரத்தில் ராக்கெட் ஸ்பேடெக்ஸ் செயற்கைக்கோள்களைக் கொண்டுபோய் விட்டுவிட்டது. சித்தப்பாவின் படம் அப்போது 71 சதவீதம். "வாள்ளு கவர்மெண்ட் நெட்டு வச்சிருக்காங்க, நமக்கு அப்படியா?" என்று கீழே இறங்கிப் போனார்.

இவ்வளவு பாடுபட்டு இறக்கியதை அவர் பார்ப்பாரா என்றால், அதுதான் இல்லை. படுத்துக்கொண்டு போனை மார்பில் சாய்த்து வைப்பார். சென்சார் சர்டிபிகேட், புகை உடலுக்குக் கேடு, தயாரிப்பாளரின் நன்றி, நடிகர் பெயர்கள், முதல் சண்டை. அதற்குள் குறட்டை. அவரிடம் 2 டிபி ஹார்ட் டிஸ்குகள் மூன்று இருக்கின்றன. 1.4 ஜிபி வீதம் போட்டால் ஒரு டிஸ்கில் ஆயிரத்து நானூறு படம். நாளைக்கு ஒன்றென்று விடாமல் பார்த்தாலும் ஒரு டிஸ்கை முடிக்க நான்கு வருஷம் பிடிக்கும். சித்தப்பாவின் வேகமோ நாளைக்கு இருபது நிமிடம். அப்படியும் காலையில் கடைக்கு வருகிறவர்களிடம் தீர்ப்பு மட்டும் கறாராக வரும்: "ஃபர்ஸ்ட் ஆஃப் பரவால்ல. செகண்ட் ஆஃப் வேஸ்ட்."

சட்டம் பேசினால் சித்தப்பாவை மடக்க முடியாது. "பார்க்கிறது குத்தமில்லேன்னு கோர்ட்டே சொல்லியிருக்கு" என்பார். பொய்யில்லை. 2016-இல் 'டிஷூம்' இந்திப் படத்துக்காகத் தளங்களை முடக்கிய சமயம், பார்த்தாலே மூன்று வருஷம் ஜெயில் என்கிற தொனியில் ஓர் எச்சரிக்கை திரையில் வந்தது. வெறுமனே பார்ப்பது குற்றமாகாது, பரப்புவதும் பொதுவில் திரையிடுவதும் விற்பதும்தான் குற்றம் என்று பம்பாய் உயர் நீதிமன்ற நீதிபதி கௌதம் படேல் விளக்கினார். அந்த விளக்கத்திலும் சித்தப்பா முதல் பாதியோடு தூங்கிவிட்டார், வழக்கம்போல. அவர் இறக்கும் டாரண்டில் படம் ஒரே இடத்திலிருந்து வருவதில்லை. துண்டு துண்டாகப் பலரிடமிருந்து வரும், வந்த துண்டு அடுத்த நொடியே நம் போனிலிருந்து இன்னொருவருக்குப் போகும். ஆக, இறக்கும்போதே சித்தப்பா பரப்பிக்கொண்டும் இருக்கிறார். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63-ஆம் பிரிவில் அதற்கு ஆறு மாதம் முதல் மூன்று வருஷம் வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் வரை அபராதம். இதை எடுத்துச் சொன்னதும் அவர் திருந்திவிட்டார்: இப்போதெல்லாம் நூறு சதவீதம் ஆன கணமே டாரண்டை மூடிவிடுகிறார். பந்தியில் மூக்குப்பிடிக்கச் சாப்பிட்டுவிட்டு, பரிமாறக் கூப்பிடுவதற்குள் செருப்பை மாட்டிக்கொள்கிறவர் மாதிரி. திருட்டுக்கு உண்டான ஒழுங்குகூட இல்லை.

வாதத்துக்கு அவரிடம் உதாரணங்கள் எப்போதும் தயார். முதலில் 'அத்தாரிண்டிகி தாரேதி'. 2013 செப்டம்பரில் பவன் கல்யாண் படத்தின் முதல் பாதி ரிலீசுக்கு முன்பே வெளியே வந்துவிட்டது. பதறிப்போய் அக்டோபரில் வரவேண்டியதை செப்டம்பர் 27-க்கு இழுத்து வெளியிட்டார்கள், படம் பிய்த்துக்கொண்டு ஓடியது. "லீக் ஆனா ஓடாதுன்னு எவன்டா சொன்னது?" பவன் கல்யாண் இல்லாத படங்கள் என்ன ஆகும் என்றால், "அதையெல்லாம் எவன் பார்ப்பான்?" அடுத்தது 'தண்டேல்'. 2025 பிப்ரவரியில் படம் வந்து சில நாளிலேயே ஆந்திர அரசு பஸ்ஸில் திருட்டுப் பிரதியை ஓடவிட்டார்கள். "கவர்மெண்டே போடுது." அதற்கு விசாரணை வைத்ததைச் சொல்ல மாட்டார்.

டிக்கெட் விலைதான் காரணம் என்பார் சில நாள். 2021-இல் ஆந்திர அரசு டிக்கெட் விலையை வெட்டியபோது கிராமத் தியேட்டர்களில் குறைந்த வகுப்பு 5 ரூபாய்க்கு வந்தது. சித்தப்பா அப்போதும் போகவில்லை. "பெட்ரோல் யாருடா போடுறது?"

தமிழ்ப் படம் இங்கே பெரும்பாலும் தெலுங்கில் டப் ஆகித்தானே வருகிறது, கமல் பேசுவதைக் கமல் குரலில் கேட்க வேறு வழி என்ன என்று ஒருதரம் கேட்டார். அந்தக் கேள்வியில் நியாயம் இருந்தது. பழைய படங்களுக்கும் அதே நியாயம் உண்டு. பாட்டி ஒரு தடவை தன் கல்யாணத்துக்கு முந்தைய படம் ஒன்றைக் கேட்டார், காசு கொடுத்துப் பார்க்கும் எந்த ஆப்பிலும் அது இல்லை. சித்தப்பா பத்தே நிமிடத்தில் பென் டிரைவோடு வந்து நின்றார். பாட்டி பார்த்து முடிக்கும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து, ஆச்சரியமாக, தூங்கவும் இல்லை.

ஆனால் அந்த நியாயத்தை நேற்று வந்த தெலுங்குப் படத்துக்கும் அவர் எடுத்துக்கொள்வார். அதுவும் தியேட்டரில் திருட்டுத்தனமாகப் பிடித்த கேம் பிரிண்டில். முன்சீட்டுக்காரர் எழுந்து போவதும், யாரோ பாப்கார்ன் கேட்பதும், குழந்தை அழுவதும் அதில் சேர்த்தி. 2024 ஜூலையில் திருவனந்தபுரம் தியேட்டர் ஒன்றில் தனுஷின் 'ராயன்' ஓடும்போது, நாற்காலியில் கூல்டிரிங்ஸ் வைக்கும் இடத்தில் போனைச் செருகிப் படம் பிடித்தவரைக் கையோடு பிடித்தார்கள். 2023-இல் திருத்திய ஒளிப்பதிவுச் சட்டப்படி தியேட்டரில் படம்பிடித்தால் குறைந்தது மூன்று மாத ஜெயில், 3 லட்சம் அபராதம். படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரைக்கும்கூட அபராதம் போகலாம். "பாவம்டா, எவ்ளோ ரிஸ்க்" என்று உச்சுக்கொட்டினார் சித்தப்பா. ஒளிப்பதிவாளர் பி.சி. ஸ்ரீராமுக்குக்கூட அவர் அப்படி இரங்கியதில்லை.

2025 நவம்பரில் திருட்டுப் படங்கள் போடும் ஐபொம்மா தளத்தை நடத்தியதாக ஒருவரை ஹைதராபாத் போலீஸ் கைது செய்தபோது வீடு இழவு வீடு மாதிரி ஆனது. ஏழைக்குப் படம் காட்டியவரைப் பிடித்துவிட்டார்கள் என்று இணையத்தில் பலர் புலம்பினார்கள், அவற்றையெல்லாம் சித்தப்பா தவறாமல் ஃபார்வர்டு செய்தார். சூதாட்ட ஆப் விளம்பரங்களில்தான் அங்கே பணம் புரண்டது என்று போலீஸ் சொன்னதை ஃபார்வர்டு செய்யவில்லை.

"ஹீரோ கோடி கோடியா வாங்குறான், என் எழுபது ரூபாயில என்ன கொறஞ்சிடும்?" இதுதான் கடைசியில் வந்து நிற்கும் இடம். ஹீரோவுக்கு ஒன்றும் குறையாதுதான். அவர் பெரும்பாலும் ரிலீசுக்கு முன்பே வாங்கிவிடுவார். குறைவது தியேட்டரில் சைக்கிள் ஸ்டாண்டு போடுகிறவருக்கு, கேன்டீனில் முறுக்கு விற்கிறவருக்கு, முதல் படம் எடுத்து இரண்டாவதற்குப் பணம் தேடி அலைகிறவருக்கு. இந்தியாவில் 2023-இல் மட்டும் இந்தத் திருட்டு வியாபாரம் 22,400 கோடி ரூபாய் என்று இன்டர்நெட் அண்ட் மொபைல் சங்கமும் ஈஒய் நிறுவனமும் கணக்குப் போட்டன. அதில் 13,700 கோடி தியேட்டர் படங்கள். சித்தப்பா தினமும் டீ குடிப்பது தியேட்டர் ஆபரேட்டரோடுதான். "ஏமய்யா, கூட்டமே இல்லையே, என்னாச்சு?" என்று அவரிடமே விசாரிப்பார். அந்த மனிதரும் பதில் சொல்லாமல் டீக்குக் காசு கொடுத்துவிட்டுப் போவார்.

இவ்வளவுக்கும் ஏமாற்று என்றால் சித்தப்பாவுக்குப் பொறுக்காது. ரீசார்ஜ் மாதத்துக்கு 28 நாள் என்று வைத்து, வருஷத்துக்குப் பன்னிரண்டுக்குப் பதில் பதின்மூன்று தடவை பணம் பிடுங்குகிறார்கள் என்று ஊரில் முதலில் கண்டுபிடித்துக் கொதித்தவர் அவர். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தலையிட்டு, 30 நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே தீரவேண்டும் என்று உத்தரவிட்டபோது தெருவுக்கே ஜிலேபி கொடுத்தார். "ரெண்டு நாள்னாலும் அது நம்ம சொத்துடா. அடுத்தவன் சொத்தை அமுக்குறது எவ்ளோ பெரிய பாவம்!"

நாயுடுபேட்டையிலிருந்து சூலூர்பேட்டை அரை மணி நேரப் பயணம். அங்கே 2019-இல் திறந்த வி எபிக் தியேட்டரில் நூறடி அகலத் திரை. ஆசியாவின் மிகப் பெரிய திரைகளில் ஒன்று என்று சென்னையிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள். பக்கத்து ஊரில் இருக்கும் சித்தப்பா ஆறங்குலத் திரையில் முன்சீட்டுக்காரரின் தலையைப் பார்த்துக்கொண்டிருப்பதைச் சகிக்க முடியாமல், அண்ணன் மகன் டிக்கெட் போட்டு அழைத்துப்போனான். சித்தப்பா வாய் திறக்காமல் பார்த்தார். முதல் சண்டை தாண்டியது, விழித்திருந்தார். இடைவேளை தாண்டியது, விழித்திருந்தார். புதுப் படத்தின் செகண்ட் ஆஃப் பற்றி முதன்முதலாகப் பார்த்துவிட்டுக் கருத்துச் சொல்லும் தகுதி பெற்றார். வெளியே வரும்போது கண் கலங்கினாற்போலக்கூட இருந்தது.

"டேய், இந்தப் படம் அவங்க மெஷின்ல எவ்ளோ ஜிபி இருக்கும்?"

தியேட்டருக்கு வரும் பிரதி சாதாரணமாக இருநூறு ஜிபிக்குப் பக்கம் இருக்கும் என்றான் பையன்.

பார்க்கிங் வரைக்கும் சித்தப்பா விரல் விட்டு எண்ணிக்கொண்டே வந்தார். "நூறு ராத்திரி" என்றார். "84 நாள் பிளான் பத்தாதுடா."