எரிந்த ஏடும் எரியாத வேரும்

கேள்வி: அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் குடும்பத்தின் முன்னோரைத் தேடுவது வீண்வேலை என்கிறார்களே? ஆவணமெல்லாம் எரிந்துபோய்விட்டதாமே?

பதில்: எரிந்தது உண்மை, எல்லாம் எரிந்தது என்பதுதான் உண்மையில்லை. 1922-இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது 1821 முதல் 1851 வரையிலான மக்கள்தொகைக் கணக்கேடுகள் பெரும்பாலும் சாம்பலாயின. கத்தோலிக்கரின் ஞானஸ்நானப் பதிவேடுகளோ அந்தந்தத் தேவாலயத்திலேயே இருந்ததால் தப்பின. 1847–64 கிரிஃபித் நிலமதிப்பீடு, யார் எந்த நிலத்தில் குடியிருந்தார் என்று ஊர் ஊராகச் சொல்லும். 1901, 1911 கணக்கெடுப்புகளை இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

ஆனால், தேடலை அயர்லாந்தில் தொடங்காதீர்கள். வெறும் பெயரோடு போனால் மேரி மர்ஃபிகள் வரிசைகட்டி நிற்பார்கள்! அமெரிக்கத் திருமணப் பதிவிலும் கல்லறைக் கல்லிலும் பிறந்த ஊரை முதலில் பிடியுங்கள்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூர் சாட்சி. 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையத்தில் முதல் ஆளாகப் பதிவான, அயர்லாந்தின் கார்க் பகுதிப் பெண் அவர். டெக்சாஸில் வாழ்ந்த வேறொரு ஆனி மூரை அவரென்று நெடுங்காலம் கொண்டாடினார்கள். அந்த அம்மாள் பிறந்ததே இல்லினாய்ஸில்! 2006-இல் வம்சாவளி ஆய்வாளர் மேகன் ஸ்மோலென்யாக் நிஜ ஆனியின் தடத்தை நியூயார்க்கிலேயே கண்டுபிடித்தார். ஜெர்மானிய வம்சத்தவரை மணந்து, பிள்ளைகள் பெற்று, அங்கேயே மறைந்தவர். பேரப்பிள்ளைகளின் வாரிசுகள் பல இனங்களில் கலந்திருக்கிறார்கள்.

ஆகவே பெயர், ஊர், ஆண்டு மூன்றும் பொருந்தும்வரை யாரையும் "பாட்டி" என்று கூப்பிட்டுவிடாதீர்கள்!