பள்ளிக்குறிஞ்சி: இல்லாத ஊர்களுக்கு ஒரு திணை ஆராய்ச்சி

ஐந்திணைகளையும் நம் ஆய்வாளர்கள் உழுது, அறுத்து, போரடித்து, வைக்கோலையும் படப்பு போட்டுவிட்டார்கள். புதிதாக முனைவர் பட்டம் வாங்க வருகிறவனுக்குக் கால் வைக்க இடமில்லை. ஆனால் ஆறாவதாக ஒரு நிலம் இத்தனை நாளும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. ஐரோப்பிய மலைகளில், ஒரு பெண்கள் விடுதிப் பள்ளியைச் சுற்றி, கதாசிரியரின் தயவில் மட்டுமே உயிர் வாழும் சிற்றூர்கள்தாம் அந்த நிலம். அதற்குப் 'பள்ளிக்குறிஞ்சி' என்று இவ்வாய்வாளர் பெயர் சூட்டுகிறார். ஆட்சேபம் உள்ளவர்கள் வாய்மொழித் தேர்வின்போது எழுந்து நிற்கலாம்.

ஆய்வுக்களம் 'ஷாலே பள்ளி' வரிசை நாவல்கள். இங்கிலாந்தின் சவுத் ஷீல்ட்ஸில் 1894-ல் பிறந்த எலினர் பிரென்ட்-டயர், 1924-ல் ஆஸ்திரியாவின் டிரோல் மலைநாட்டில் ஆகன்சே என்ற ஏரிக்கரைக்குப் போனார். மறுவருஷமே இந்த வரிசையின் முதல் நாவல் வந்தது. பிறகு நிறுத்தவே இல்லை. ஐம்பதுக்கும் மேற்பட்ட நாவல்கள். 1969-ல் அவர் காலமான பிறகும் 1970-ல் கடைசி நாவல் வந்தது என்றால், வேகம் எப்படிப்பட்டதென்று புரிந்துகொள்ளலாம். நம்மவர்களுக்கு விடுதிப் பள்ளிக் கதை என்றால் எனிட் பிளைட்டன்தான். அவருடைய மேலரி டவர்ஸ் கார்ன்வால் கடற்கரையில் இருப்பதால் அது நெய்தல். இந்த ஆய்வின் எல்லைக்குள் வராது.

முதலில் பெயர்ச் சிக்கல். ஆகன்சே ஏரி நாவலில் டீர்ன்சே ஆகிறது. கரையில் உள்ள பெர்ட்டிசாவ் கிராமம் ப்ரீசாவ் ஆகிறது. அடிவாரத்து ரயில் சந்திப்பான யென்பாக், ஷ்பெர்ட்ஸ் ஆகிறது. இவ்வளவு சிரமப்பட்டு முகமூடி போட்ட அதே அம்மையார், சேஷ்பிட்ஸ், பூகாவ், ஸ்கோலாஸ்டிகா, இன்ஸ்ப்ரூக் ஆகிய ஊர்களை அசல் பெயரோடு அப்படியே விட்டுவிட்டார். முகத்தை மூடிக்கொண்டு சட்டைப்பையில் அடையாள அட்டையைத் தொங்கவிட்ட மாதிரி. டிரோல் வரைபடத்தை விரித்து வைத்தால் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகூட ஐந்து நிமிஷத்தில் டீர்ன்சேயைக் கண்டுபிடித்துவிடும்.

இது மறதியா, நெறியா? நெறிதான் என்பது இவ்வாய்வாளர் துணிபு. சேஷ்பிட்ஸில் பாத்திரங்கள் ரயிலிலிருந்து இறங்குகிறார்கள், பெட்டியை எடுத்துக்கொள்கிறார்கள், போகிறார்கள். அவ்வளவுதான். அதற்கு அசல் பெயர் போதும். ப்ரீசாவில் அப்படி இல்லை. அங்கே ஒருத்தி காணாமல் போகவேண்டும், ஒருத்தி தண்ணீரில் விழவேண்டும், ஒருத்தி திருந்தவேண்டும். இத்தனையையும் நிஜப் பெர்ட்டிசாவில் நடத்தினால் ஊர்ப் பஞ்சாயத்து சும்மா இருக்குமா? ஆகவே எங்கே விபத்து உண்டோ அங்கே புனைபெயர் உண்டு. இதை 'விபத்துப் பெயரீட்டு விதி' என்க.

இனித் திணை இலக்கணம். முதற்பொருளில் நிலம் சொல்லிவிட்டோம். பொழுதிலும் குறிஞ்சியோடு பெரிய பகை இல்லை: கூதிரும் முன்பனியும் இங்கேயும் செல்லும். யாமம் மட்டும் இடிக்கிறது. யாமத்தில் இங்கே எல்லோரும் தூங்கியாக வேண்டும். மேட்ரன் விளக்கை அணைத்துவிடுவார்.

கருப்பொருளில்தான் விளைச்சல் அதிகம். தெய்வம் தலைமையாசிரியை. விலங்கு செயின்ட் பெர்னார்டு நாய். நாயகி ஜோயி தண்ணீரில் போட்டுக் கொல்ல இருந்த ஒரு குட்டியைக் காப்பாற்றி ரூஃபஸ் என்று பெயரிட்டு வளர்க்கிறாள். பறைக்குப் பதில் பள்ளி மணி. உணவு தினை அல்ல, கேக். இந்த இடத்தில் இவ்வாய்வாளர் கொஞ்சம் நின்று பேச விரும்புகிறார். இந்த நாவல்களில் பிற்பகல் காபியும் கேக்கும் கிட்டத்தட்ட பூசைக் கிரமத்தோடு வருகின்றன. பெண்கள் மலையேறினாலும் கேக், டவுனுக்குப் போனாலும் கேக், இன்ஸ்ப்ரூக்கில் கடை கடையாய் ஏறி இறங்கினாலும் கடைசியில் ஒரு மேஜை, அதன்மேல் கிரீம் கேக். அந்த மலையில் கோதுமை விளைவதாக எங்கும் குறிப்பில்லை. மாவும் சர்க்கரையும் ரயிலேறித்தான் வரவேண்டும்.

அந்த ரயில் நிஜம். யென்பாக்கிலிருந்து சேஷ்பிட்ஸ் வரை 1889 முதல் ஓடுகிற பற்சக்கர நீராவி ரயில். பாதை ஏழு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏறும்போது என்ஜின் பின்னால் நின்று பெட்டிகளை முட்டித் தள்ளிக்கொண்டே போகும். ஏபென் என்ற நிலையத்தில் ஏற்றம் முடிந்ததும் கழன்று முன்பக்கம் வந்து இழுக்க ஆரம்பிக்கும். மேட்டுப்பாளையத்தில் ஏறிக் குன்னூருக்குப் போனவர்களுக்கு இந்தத் தள்ளு பழக்கம்தான். ஆனால் நீலகிரிப் பாதையில் மிகச் செங்குத்தான இடத்தில் பன்னிரண்டு அடிக்கு ஓர் அடி ஏற்றம். இங்கே ஆறேகால் அடிக்கு ஓர் அடி. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. ஒரு கிரீம் கேக்குக்குப் பின்னால் எவ்வளவு நிலக்கரி எரிந்திருக்கும் என்பதை எந்த மாணவியும் ஒரு நாவலில்கூடக் கேட்கவில்லை.

அடுத்து மக்கள். குறிஞ்சியில் குறவர், இங்கே டாக்டர்கள். ஏரிக்கு மேலே சோனால்பே என்ற மலைத்திட்டில் காசநோய்ச் சானடோரியம் ஒன்றைப் பிரென்ட்-டயர் கட்டுகிறார். பள்ளியைத் தொடங்கிய மேட்ஜ், சானடோரியத்தைத் தொடங்கிய டாக்டர் ஜெம் ரஸலைக் கல்யாணம் செய்துகொள்கிறாள். தங்கை ஜோயி, டாக்டர் ஜாக் மேனார்டை மணந்து பதினொரு குழந்தைகள் பெறுகிறாள். பிற்பாடு ஆசிரியைகளும் பழைய மாணவிகளுமாக டாக்டர் மருமகன்கள் பெருகிக்கொண்டே போகிறார்கள். நோயாளிகள் என்ன ஆனார்கள் என்று கேட்டால், அவர்கள் மாணவிகளின் பெற்றோர். அம்மா மேலே பால்கனியில் படுத்துக் காற்று வாங்க, மகள் கீழே பள்ளியில் படிப்பாள். ஒரே குடும்பத்திடம் இரண்டு இடத்திலும் கட்டணம் வசூலாகும் இந்த ஏற்பாட்டைக் கண்டுபிடித்தவரை வெறும் குழந்தை எழுத்தாளர் என்று சொல்வது நியாயமில்லை.

பணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இருபத்து நாலு வயது மேட்ஜ், பன்னிரண்டு வயதுத் தங்கையைக் கூட்டிக்கொண்டு இங்கிலாந்தை விட்டு ஏன் டிரோலுக்குப் போனாள்? அப்பா அம்மா இல்லை. இரட்டைப் பிறவியான அண்ணன் டிக்குக்கு இந்தியாவில் காட்டிலாகா உத்தியோகம். தங்கைக்கு உடம்பு பலவீனம், மலைக்காற்று நல்லது என்று ஒரு காரணம் சொல்லப்படுகிறது. உண்மையான காரணம் அந்நியச் செலாவணி. முதல் உலகப் போருக்குப் பின் ஆஸ்திரிய குரோனே மண்ணாய்ப் போனது. 1922-ல் சர்வதேச சங்கம் கடனுக்கு ஏற்பாடு செய்து நிமிர்த்திவிட வேண்டியிருந்தது. 1925-ல் பத்தாயிரம் குரோனேக்கு ஒரு ஷில்லிங் என்று புது நாணயமே அச்சடித்தார்கள். கையில் பவுனோடு வந்தவர்களுக்கு அங்கே சீப்பான வாழ்க்கை. மேட்ஜுக்கு அது தெரியும், வெளிப்படையாகவும் சொல்கிறாள். ஆக, பள்ளிக்குறிஞ்சியின் அஸ்திவாரம் பாறை அல்ல, நாணய மாற்று விகிதம். ஆல்ப்ஸ் அழகைப் பற்றிய வருணனைகள் எல்லாம் அதன்மேல் பூசிய சுண்ணாம்பு.

உரிப்பொருள் மீட்டலும் மீட்டல் நிமித்தமும். முதல் நாவலிலேயே கிரிசெல் என்ற பெண், போகக்கூடாது என்று சொல்லியிருந்த டீர்ன்யோக் சிகரத்தில் திருட்டுத்தனமாக ஏறுகிறாள். மூடுபனி. நோஞ்சான் ஜோயி பின்னாலேயே போய்க் காப்பாற்றிவிட்டுத் தானே படுத்துக்கொள்கிறாள். 1927-ல் வந்த நாவலில் பெல்சார்னியா என்ற நாட்டு இளவரசியைக் கடத்திப் போகிறார்கள். நாடும் கற்பனை, கடத்தலும் கற்பனை, மீட்பது வழக்கம்போல ஜோயி. 1930-ல் வந்த நாவலின் யூஸ்டேசியா யாருக்கும் அடங்காதவள். அவளை வெள்ளத்தில் மாட்ட வைத்து, முதுகில் அடிபட வைத்து, மாதக்கணக்கில் படுக்கவைத்துத் திருத்துகிறார் ஆசிரியர். இந்த மலைகளில் பனிச்சரிவு, மூடுபனி, வெள்ளம் எல்லாம் பள்ளி ஒழுங்கு விதிகளைப் படித்துவிட்டுத்தான் இறங்குகின்றன. நல்ல பெண்கள் போனால் வானம் தெளிவாக இருக்கும்.

சுற்றியுள்ள ஊர்க்காரர்கள் இதிலெல்லாம் என்ன செய்கிறார்கள்? படகு ஓட்டுகிறார்கள், பால் கொண்டுவருகிறார்கள், பள்ளியில் சமையல் செய்கிறார்கள், காணாமல் போனவளைத் தேட லாந்தரோடு கிளம்புகிறார்கள். தங்களுக்குள் ஒரு வரப்புத் தகராறோ பங்காளிச் சண்டையோ கிடையாது. மலையூரில் சண்டை இல்லை என்பது எவ்வளவு பெரிய கற்பனை என்று மலையூர்க்காரர்களைக் கேட்டால் தெரியும்.

நிஜ ஊரில் அதே வருஷங்களில் நடந்தது வேறு. 1927-ல், இளவரசியைக் கடத்திய அதே வருஷம், ஆகன்சே தண்ணீரை மலைக்குள் குடைந்து இறக்கி யென்பாக்கில் மின்சாரம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். வடக்கே இசார் ஆற்றுக்குப் போக வேண்டிய ஏரி, தெற்கே இன் நதிக்குத் திரும்பியது. டீர்ன்சேயில் டர்பைன் சத்தமே இல்லை. 1933-ல் ஹிட்லர் அரசு, ஆஸ்திரியாவுக்கு உல்லாசப் பயணம் போகும் ஜெர்மானியர் ஒவ்வொருவரும் ஆயிரம் மார்க் கட்ட வேண்டும் என்று விதித்தது. 1936 வரை டிரோல் ஓட்டல்கள் ஈயோட்டின. அந்த நாலு வருஷமும் வருஷத்துக்கு ஒன்றாக ஷாலே நாவல்கள் வந்தன. ப்ரீசாவில் கேக் குறைந்ததாகத் தெரியவில்லை.

இது வரை ஆசிரியர் சொன்னபடி ஊர் கேட்டது. பிறகு 1938 மார்ச்சில் ஆஸ்திரியாவை ஜெர்மனி விழுங்கியது. 1940-ல் வந்த நாவலில் பள்ளி நாட்டை விட்டு ஓடுகிறது. ஓடுவதற்குக் காரணமான காட்சி ஷ்பெர்ட்ஸில் நடக்கிறது. ரயில் மாறுவதற்கும் சாமான் வாங்குவதற்கும் மட்டுமே இத்தனை நாவல்களில் பயன்பட்ட அதே அடிவாரத்து ஊர். அங்கே வயதான யூத நகைக்கடைக்காரர் ஒருவரைக் கும்பல் துரத்துகிறது. ஜோயியும் பெண்களும் குறுக்கே போய் நிற்கிறார்கள். கும்பல் அவர்கள் பக்கம் திரும்புகிறது. பங்குச் சாமியார் அவர்களைக் கோயிலுக்குள் இழுத்து ரகசிய வழியாக வெளியே அனுப்புகிறார். கிழவரைக் காப்பாற்ற முடியவில்லை, சாமியாரும் பிழைக்கவில்லை. மாணவிகள் மலையைக் கடந்து சுவிட்சர்லாந்துக்குத் தப்புகிறார்கள். சிறுமிகளுக்கான நாவலில், போர் நடந்துகொண்டிருந்தபோதே எழுதியது. இவ்வாய்வாளருடைய மீட்டல் இலக்கணம் இந்த ஓர் இடத்தில் செல்லாது. விபத்துப் பெயரீட்டு விதியும் இங்கே விளையாட்டில்லை: கும்பல் இருந்த ஊரின் நிஜப் பெயர் என்ன என்று வரைபடம் பார்த்தவர்கள் எல்லோருக்கும் தெரியும்.

அதன் பிறகு பள்ளி அலைந்தது. கெர்ன்சி தீவு, ஆர்மிஷயர் என்ற கற்பனை மாவட்டம், வேல்ஸ் கரையோரம் ஒரு தீவு. மலை இல்லாததால் இவை திணைக்குப் புறம்பு. 1950-களில் சுவிட்சர்லாந்தின் பெர்ன் மேட்டு நிலத்தில் கோர்னெட்ஸ் பிளாட்ஸ் என்று ஒரு மலைத்திட்டை உண்டாக்கிப் பள்ளியைக் குடியேற்றினார்கள். அங்கேயும் ஒரு மலை ரயில், அங்கேயும் பக்கத்திலேயே சானடோரியம். ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடித்து அப்போது பத்து வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. நிஜ ஆல்ப்ஸில் சானடோரியங்கள் நோயாளி இல்லாமல் ஓட்டல்களாக மாறிக்கொண்டிருந்தன. கோர்னெட்ஸ் பிளாட்ஸில் மட்டும் டாக்டர்களுக்கு வேலை ஒழியவில்லை, கல்யாணமும் ஒழியவில்லை. இந்தச் சுவிஸ் பகுதி டிரோலுக்குப் பக்கத்தில் நிற்காது; அச்சில் வார்த்த ஊர்.

ஒரு மறுப்புரைக்கும் பதில் சொல்லிவிடலாம். ஹாரி பாட்டரின் ஹாக்ஸ்மீட் இந்தத் திணையில் சேராதா என்று இளைய ஆய்வாளர்கள் கேட்பார்கள். சேரும். மலை உண்டு, பள்ளி உண்டு, ஊரின் முக்கியத் தொழில் பிள்ளைகளுக்கு மிட்டாய் விற்பது. மூன்றாம் வருஷம் முதல், வீட்டார் கையெழுத்து இருந்தால்தான் அனுமதி. கேக் விதி அங்கேயும் வெல்லுகிறது என்பதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொரு சான்றையும் விடக்கூடாது. பிரென்ட்-டயர் தாமே 1938-ல் ஒரு பள்ளி தொடங்கினார், ஹெர்ஃபோர்டில். மலை இல்லை, ஏரி இல்லை, டாக்டர் கூட்டமும் இல்லை. 1948-ல் மூடினார்கள்.

நேரில் போய்ப் பார்க்க நினைக்கும் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. ரயில் கோடையில்தான் ஓடுகிறது. டிக்கெட் கவுன்டரில் ஷ்பெர்ட்ஸ் என்று கேட்டு நிற்காமல் யென்பாக் என்று கேளுங்கள். சேஷ்பிட்ஸில் இறங்கினால் படகுத்துறை பக்கத்திலேயே இருக்கிறது; பெர்ட்டிசாவுக்குப் படகு போகும். ஏரி 133 மீட்டர் ஆழம், ஜோயி அங்கே இல்லை, ஆகவே ஓரமாக நின்று பாருங்கள்.