அடுத்த கப்பலுக்கு அட்வான்ஸ்

சொகுசுக் கப்பலில் ஏறுகிறவர்களைக் கப்பல்காரர்கள் இரண்டு முறை பிடிக்கிறார்கள். முதல் முறை கரையில். அது தொழில், குறை சொல்ல ஒன்றுமில்லை. இரண்டாவது முறை நடுக்கடலில். போட்டோக் கடைக்கும் காபிக் கடைக்கும் இடையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, இரண்டு கம்ப்யூட்டர், பின்சுவரில் அலாஸ்காவின் பனிமலைப் படம். உங்கள் எதிர்காலம் இங்கே தொடங்குகிறது என்கிற தோரணையில் ஆங்கிலத்தில் ஒரு பலகை. கிட்டத்தட்டக் கிளி ஜோசியம்தான். ஆனால் இந்தக் கிளி எடுக்கிற எல்லாச் சீட்டிலும் ஒரே பலன்: வந்து உட்கார்ந்தவருக்குக் கடல் கடந்து போகிற யோகம் உண்டு, உடனே பரிகாரத்துக்கு நூறு டாலர் எடுத்து வைக்கவும்.

நாங்கள் போனது சிங்கப்பூர் மரினா பே முனையத்தில் ஏற்றி, பினாங்கு, புக்கெட் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுகிற கப்பல். சென்னைக்காரர்கள் நிறையப் பேர் போகிற வழிதான். சாப்பாட்டு மாடியில் சாம்பார் மணக்கும், நீச்சல் குளத்தோரம் “டேய், வழுக்கும்டா!” என்று குரல் கேட்கும். அதனால் நான் நடுக்கடலில் இருக்கிற நினைவே இல்லாமல் இருந்தேன். அந்த மேஜைதான் நினைவுபடுத்தியது.

இந்தத் தொழில் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் சொல்ல வேண்டும். கிளம்பிப்போன கப்பலில் காலியாகக் கிடக்கிற அறையை மறுநாள் விற்க முடியாது. கப்பல் நிறைந்தாலும் நிறையாவிட்டாலும் எஞ்சின் அதே எண்ணெயைத்தான் குடிக்கும், சமையல்காரர் அதே சம்பளம்தான் வாங்குவார். ஆகவே ஒன்றிரண்டு வருஷம் முன்னாலேயே அறைகளை யார் தலையிலாவது கட்டிவிட வேண்டும். அதற்கு விளம்பரம் போட்டுப் புது ஆளைத் தேடுவதைவிட, ஏற்கெனவே ஏறி உட்கார்ந்து, மூன்றாவது முறை புட்டிங் எடுத்துக்கொண்டிருக்கிற ஆளைக் கேட்பது சுலபம். எங்கேயும் ஓடிவிட மாட்டான், சுற்றிலும் கடல்.

டிஸ்னி கப்பல்களில் இதற்கு ‘பிளேஸ்ஹோல்டர்’ என்று பெயர். எந்தக் கப்பல், எந்தத் துறைமுகம், எந்தத் தேதி எதுவும் சொல்ல வேண்டாம். 250 டாலர் கட்டிவிட்டு இறங்கினால் போதும். இரண்டு வருஷக் கெடுவுக்குள் பயன்படுத்திக்கொண்டால் பெரும்பாலான பயணங்களில் 10 சதவீதம் கழிவு. நார்வேஜியன் நிறுவனத்தில் இதே சங்கதி ‘குரூஸ்நெக்ஸ்ட்’. நம் ரயில்வே 120 நாள் முன்பதிவைக்கூட அதிகம் என்று 2024 நவம்பரிலிருந்து 60 நாளாகக் குறைத்துவிட்டது. மதுரைக்குப் போகிறவன் இரண்டு மாதத்துக்கு மேல் எதிர்காலத்தைப் பற்றி யோசிக்கக் கூடாது. மியாமியில் ஏறுகிறவன் மட்டும் ஊரும் தெரியாமல் நாளும் தெரியாமல் இரண்டு வருஷத்துக்கு யோசிக்கலாம்.

முன்பணம் ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. 1867-ல் நியூயார்க்கிலிருந்து ‘குவேக்கர் சிட்டி’ என்ற கப்பல் ஐரோப்பாவுக்கும் புனித பூமிக்கும் உல்லாசப் பயணம் கிளம்பியது. கட்டணம் 1,250 டாலர். அதில் பத்து சதவீதத்தைப் பொருளாளரிடம் கட்டினால்தான் இடம் உறுதி என்று அறிவிப்பிலேயே போட்டிருந்தார்கள். அந்தக் கப்பலில் போன மார்க் ட்வைன் பிறகு அதைப் பற்றிப் புத்தகம் எழுதிப் பெயர் வாங்கினார். அவருடைய கட்டணத்தைக் கட்டியது சான் பிரான்சிஸ்கோவின் ஒரு பத்திரிகை. இந்தத் தகவலை இந்தப் பத்திரிகையின் ஆசிரியர் கவனத்துக்காகவே சேர்த்திருக்கிறேன்.

ஆனால் ட்வைனிடம் கூட, கப்பல் நடுக்கடலில் ஆடிக்கொண்டிருக்கும்போது வந்து அடுத்த பயணத்துக்குப் பணம் கேட்டதாகத் தெரியவில்லை. அது நம் காலத்துச் சாதனை. அந்தச் சாதனையின் முழு நுட்பமும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதில் இருக்கிறது. பயணி சந்தோஷமாக இருக்க வேண்டும், பில் இன்னும் வந்திருக்கக் கூடாது. கப்பலில் யாரும் ரூபாயையோ டாலரையோ கண்ணால் பார்ப்பதில்லை. அறைச் சாவிக்குக் கொடுத்த அட்டையையே எல்லா இடத்திலும் நீட்டுகிறோம், ஒரு ‘டிங்’ சத்தம், அவ்வளவுதான். காபிக்கும் டிங், போட்டோவுக்கும் டிங், அடுத்த வருஷத்துக்கும் டிங். கணக்கு கடைசி ராத்திரிதான் வரும். அதைப் பார்த்த பிறகு யாரும் அலாஸ்காவுக்குப் போக ஆசைப்படுவதில்லை.

இன்னொரு நுட்பம் வைஃபை. கடல் நடுவில் நம் செல்போன் ஊமை. கப்பலின் இணையத்துக்கு நாள் கணக்கில் டாலர் கேட்பார்கள், நாம் கொடுக்க மாட்டோம். ஆகவே இவர்கள் சொல்கிற ‘விசேஷ விலை’ கரையில் என்ன விலை என்று பார்க்க வழியே கிடையாது. தி.நகரில் இந்தக் கடையில் புடவை எடுப்பதற்கு முன்னால் எதிர்க்கடையில் விலை விசாரித்துப் பழகிய இனம் நாம். எதிர்க்கடையே இல்லாத இடத்தில் கொண்டுபோய் உட்காரவைத்துவிட்டார்கள்.

மேஜையில் இருந்தது கொச்சிக்காரப் பையன். எங்கள் முகத்தைப் பார்த்ததும் ஆங்கிலத்தைக் கீழே வைத்துவிட்டு, மலையாளம் தடவிய தமிழை எடுத்துக்கொண்டான்.

“ஆன்ட்டி, இப்போ ஒண்ணும் முடிவு பண்ண வேண்டாம். ஒரு சின்ன டெபாசிட் மட்டும்.”

“சின்னதுன்னா?”

“ஆளுக்கு நூறு டாலர்.”

“எதுவும் முடிவு பண்ணாததுக்கே நூறு டாலர்னா, முடிவு பண்ணினா எவ்வளவு தம்பி?” என்றாள் என் மனைவி.

நான் வங்கியில் டெபாசிட் பிரிவில் தலை நரைத்தவன். பணம் போட்டவருக்கு வட்டி கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த டெபாசிட். இங்கே வட்டி கிடையாது. பதிலுக்கு ‘ஆன்போர்ட் கிரெடிட்’ உண்டு, கப்பலுக்குள் செலவழித்துக்கொள்ள அவர்களே ஒரு தொகையை நம் கணக்கில் ஏற்றுவார்கள் என்றான் பையன். எனக்கு அது மிகவும் நியாயமாகப் பட்டது. காலையில் இரண்டு முறை டிபன், பதினோரு மணிக்கு ஏதோ ஒரு கேக், மத்தியானம் பஃபே என்று ஆகியிருந்த நேரத்தில் எனக்கு எல்லாமே நியாயமாகப் பட்டது.

“அந்தக் காசை ரொக்கமா வாங்கிக்கலாமா?” என்றாள் மனைவி.

முடியாது. செலவழிக்காவிட்டால் பயணம் முடிகிறபோது போய்விடும். கடைசி நாள் கப்பல் கடைகளில் ஏன் அவ்வளவு கூட்டம் என்பது பிறகு இதை வைத்துத்தான் விளங்கியது. கையில் மிச்சமிருக்கிற இனாம் பணத்தைத் தீர்க்க, வேண்டாத தொப்பியும் சாவிக்கொத்தும் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இனாம் 25 டாலர், தொப்பி 32 டாலர். மீதி ஏழு டாலர் டிங்.

இரவுச் சாப்பாட்டில் எங்கள் மேஜைக்கு ஓர் ஆஸ்திரேலியத் தம்பதி வந்தார்கள். இந்தக் கலையில் பழுத்தவர்கள். ஒவ்வொரு கப்பலிலும் அடுத்த இரண்டு கப்பல்களுக்குப் பதிவு செய்துவிட்டுத்தான் இறங்குவார்களாம். அப்படியென்றால் கணக்குப்படி அவர்கள் எப்போதும் பாக்கியில்தான் இருப்பார்கள். பத்து கப்பல் போனால் இன்னும் பதினொரு கப்பல் காத்திருக்கும். இதைச் சொன்னபோது அந்த அம்மாள் மிகவும் மகிழ்ந்தார். கார்னிவல், ராயல் கரீபியன் போன்ற நிறுவனங்களில் 100 பங்காவது வைத்திருந்தால் பயணத்தின்போது தனியாக ஒரு கிரெடிட் உண்டு என்றும், அதற்காகவே பங்கு வாங்கி வைத்திருப்பதாகவும் கணவர் சொன்னார். தான் கட்டுகிற கட்டணத்தின் லாபத்தில் தனக்கே ஒரு துளி திரும்ப வருவதில் அவருக்கு இருந்த திருப்தியை நான் எந்த ஃபிக்சட் டெபாசிட்காரர் முகத்திலும் பார்த்ததில்லை.

அவர்கள்தான் புள்ளி விவகாரத்தையும் சொல்லிக்கொடுத்தார்கள். உதாரணமாக, ராயல் கரீபியனில் ஓர் இரவுக்கு ஒரு புள்ளி. 80 புள்ளி சேர்ந்தால் டயமண்ட், 700 சேர்ந்தால் உச்சியில் ‘பினக்கிள்’. என் மனைவி காகிதக் கைக்குட்டையின் பின்னால் கணக்குப் போட்டாள். வருஷத்துக்கு ஒரு நாலு இரவுப் பயணம் என்று வைத்தால், டயமண்ட் ஆக இருபது வருஷம், பினக்கிள் ஆக 175 வருஷம். “டயமண்ட் தோடு இதைவிடச் சீக்கிரம் வாங்கலாங்க” என்றாள். ஆஸ்திரேலியக்காரர் என்ன என்று கேட்டார். அருமையான திட்டம் என்கிறாள் என்று சொல்லிவைத்தேன்.

பினாங்கில் கப்பல் நின்றது. ஸ்வெட்டன்ஹாம் துறையிலிருந்து ஜார்ஜ் டவுனின் லிட்டில் இந்தியாவுக்கு நடந்தே போய்விடலாம். குவீன் தெருவில் 1833-ஆம் ஆண்டு மாரியம்மன் கோயில். கும்பிட்டுவிட்டு ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தோம். கடைக்காரரிடம் என் மனைவி முதலில் கேட்டது தோசை அல்ல, வைஃபை பாஸ்வேர்டு. பெங்களூரில் இருக்கும் மாப்பிள்ளைக்கு வாட்ஸ்அப்பில் தகவல் பறந்தது. பையன் விசேஷ விலை சொன்ன கப்பலின் பெயர், தேதி, பால்கனி அறை, கரையில் என்ன விலை?

அவர் பதில் போடுகிற இடைவெளியில் எனக்கு என் பெரியப்பா நினைவு வந்தது. அவரும் பினாங்குக்குக் கப்பலில் வந்தவர்தான். சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று எழுபதுகளின் தொடக்கம் வரை ஓடிக்கொண்டிருந்த ‘ரஜூலா’. 1926-ல் கட்டிய கப்பல். நாகப்பட்டினத்தில் ஏறி, டெக் டிக்கெட்டில் பாயை விரித்துப் படுத்து, வழி முழுக்க வாந்தி எடுத்தபடி வந்து சேர்ந்தார். அந்தக் கப்பலில் யாராவது ஒரு பையன் சிரித்த முகத்தோடு வந்து, “அடுத்த பயணத்துக்கு இப்பவே ஒரு சின்ன டெபாசிட்” என்று கேட்டிருந்தால் பெரியப்பா அவனைக் கடலில் தூக்கிப் போட்டிருப்பார். பயணத்தை மறுபடி மறுபடி விற்க வேண்டுமானால் முதலில் பயணிக்குக் குமட்டல் நிற்க வேண்டும். இன்றைய கப்பல்களின் அடிவயிற்றிலிருந்து இருபுறமும் துடுப்புப்போல நீள்கிற நிலைநிறுத்திகள்தான் இந்த மேஜை வியாபாரத்தின் உண்மையான முதலாளி என்பது என் கட்சி.

மாப்பிள்ளையின் பதில் வந்தது. கட்டணம் கரையிலும் அதேதான், ஒரு டாலர்கூட வித்தியாசமில்லை. கப்பலில் பதிவு செய்தால் முன்பணம் குறைவு, கிரெடிட் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கூடவே ஒரு குறிப்பு: கார்டு வெளிநாட்டுக் கணக்கில் போவதால் வங்கி 3.5 சதவீதம் வரை பிடிக்கும், அதன் மேல் ஜி.எஸ்.டி. 18 சதவீதம். மாமனார் வங்கிக்காரர் என்பதால் இதைப் பணிவோடு தெரிவிப்பதாகவும் எழுதியிருந்தார்.

நான் திட்டம் முடிந்தது என்று நினைத்தேன். என் மனைவிக்கு அப்போதுதான் தொடங்கியது. கடைசிக் கடல் நாளில், மேஜைக்கு முன்னால் வரிசை போட்டோக் கடை வரை நீண்டிருந்தபோது, அவள் போய் வரிசையில் நின்றாள். அவள் முறை வந்ததும் பையனைக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். மனசு மாறினால் முன்பணம் முழுதாகத் திரும்பி வருமா, இல்லை கப்பல் கிரெடிட்டாகத்தான் வருமா? நிலுவை கட்டுவதற்குள் விலை இறங்கினால் எங்களுக்கும் இறக்குவீர்களா, அதை யார் பார்த்துச் சொல்வது? இவருக்கு முழங்கால் சரியில்லை, இவர் வர முடியாமல் போனால் என் தங்கையை அழைத்துப் போகலாமா?

கடைசிக் கேள்விக்கு நான் வரிசையில் இருந்தவர்கள் முன்னால் ஆட்சேபம் தெரிவித்தேன். யாரும் பொருட்படுத்தவில்லை.

பையன் நல்லவன். முன்பணத்தில் இரண்டு வகை இருப்பதை அப்போதுதான் சொன்னான். திரும்பி வராத வகை கொஞ்சம் மலிவு, திரும்பி வருகிற வகை கொஞ்சம் விலை. எல்லோரும் மலிவானதைத்தான் எடுக்கிறார்களாம், ஆன்ட்டி கேட்டதால் சொல்கிறானாம். கரையில் எங்களுக்கு டிக்கெட் எடுத்துக் கொடுத்த ஏஜெண்ட் பெயரிலேயே இதையும் போடலாமா என்று அவள் கேட்டாள். போடலாம் என்றான். பெரும்பாலான நிறுவனங்களில் அப்படி ஒரு வழி இருக்கிறது, ஏஜெண்டுக்குக் கமிஷனும் போகும். நமக்கு லாபம், நாளைக்கு ஏதாவது தகராறு என்றால் கப்பலை ஃபோனில் தேடாமல் மயிலாப்பூரில் ஒரு மாடிப்படி ஏறினால் போதும்.

இப்படி ஒரு மேஜை முன்னால் உட்கார நேர்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். சாப்பிடுவதற்கு முன்னால் போங்கள், துறைமுகத்தில் இறங்கி விலை பார்த்துவிட்டுப் போங்கள், வீட்டில் கேள்வி கேட்கிறவர் யாரோ அவரைப் பேச விடுங்கள்.

எங்கள் பதிவு இன்றுவரை உயிரோடு இருக்கிறது. திரும்பி வருகிற வகை, பால்கனி அறை, ஏஜெண்ட் பெயரில். நிலுவைத் தொகை புறப்படுவதற்கு 90 நாள் முன்னால் கட்ட வேண்டும், அதுவரை ரத்து செய்தால் முன்பணம் முழுசாகத் திரும்பும் என்று காகிதத்தில் எழுத்தில் இருக்கிறது. காகிதம் பீரோவில், சாவி என் மனைவியிடம். அவள் தங்கை போன வாரம் பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்திருக்கிறாள்.