ஏழாயிரம் அடி உயரத்தில் ஒரு கப்பல் பயணம்

தூத்துக்குடித் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவருக்குத் திடீரென்று ஓர் ஆசை. ஆகஸ்ட் 15-ஐக் கப்பலில் கொண்டாட வேண்டும். காலமெல்லாம் சரக்கை ஏற்றி இறக்கிக் கணக்கு எழுதியாயிற்று. ஒரு தடவையாவது சரக்கோடு சரக்காகத் தானும் ஏற வேண்டாமா? 1906-லேயே வ.உ.சி. சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கிய ஊர்க்காரனுக்கு இதுகூடக் கிடையாதா என்று வாதாடினார். மகன் சொகுசுக் கப்பலின் கட்டணத்தைக் கைபேசியில் பார்த்தான். “கொடைக்கானல் போவோம்ப்பா, அங்கயும் தண்ணிதான்” என்றான்.

“கப்பல்ல தேசியக் கொடிதானே மாமா ஏத்துவாங்க?” என்று மருமகள் கேட்டது வினையாயிற்று. பெரியவர் உண்மையைச் சொல்லிவிட்டார். இந்திய வணிகக் கப்பலின் பின்புறம் பறப்பது சிவப்புக் கொடி. மூவர்ணம் அதன் மேல் மூலையில் ஒரு கட்டமாக அடங்கியிருக்கும்.

“அப்ப மே தினத்துக்கே போயிருக்கலாமே!”

கொடைக்கானல் முடிவாயிற்று.

மலையேற இ-பாஸ் வேண்டும். உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே மாதத்திலிருந்து நடைமுறை. நெரிசலைப் பார்த்தால் நியாயமான ஏற்பாடுதான். ஆனாலும் சுதந்திர தினத்தன்று அனுமதிச் சீட்டைக் காட்டிவிட்டு மேலே போவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது. வெள்ளி நீர்வீழ்ச்சிக்குக் கீழே வண்டிகள் அசையாமல் நின்றன. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு முறைக்குக் காத்திருக்கும் கப்பல்களை நினைத்துக்கொண்டு பெரியவர் நிம்மதியாகத் தூங்கினார்.

கொடைக்கானல் ஏரியைப் பற்றி அவருக்கு முதலில் மரியாதை இல்லை. மொத்தமே சுமார் 60 ஏக்கர். அதுவும் இயற்கையாக அமைந்ததல்ல. 1845-இல் மதுரை மிஷனைச் சேர்ந்த அமெரிக்கப் பாதிரிமார் இங்கே வீடு கட்டினார்கள். கடல் தாண்டி வந்தவர்களுக்குத் தண்ணீர் அலுத்துப் போயிருக்கும் போல. ஏரி வர இன்னும் 18 வருஷம் ஆயிற்று. மதுரை கலெக்டராக இருந்த வியர் ஹென்றி லெவிஞ்ச் 1863-இல் ஓடையை மறித்துக் கரை போட்டார். படகு வேண்டுமே? முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து தருவித்தார்.

இதைக் கேட்டதும் பெரியவர் நிமிர்ந்துவிட்டார். “ஏலே, நம்ம ஊர்ச் சரக்குல!” மலைப்பாதை போடாத அந்தக் காலத்தில் படகை எப்படி மேலே ஏற்றினார்கள், கூலி யார் கொடுத்தது என்று தொழில்முறைக் கேள்விகள் வரிசையாக வந்தன.

நாலு பேர் போகும் பெடல் படகு கிடைத்தது. மகனும் பேரனும் மிதிக்க, மருமகள் படம் எடுக்க, பெரியவர் கேப்டன். தூறல். பத்தடிக்கு அப்பால் மூடுபனி. பேரன் கையில் காகிதக் கொடி. அதைப் படகின் கூரையில் விரித்துக் கட்டலாம் என்று மகன் ஆரம்பித்தான். கூடாது என்றார் பெரியவர். கொடி விதித்தொகுப்பில் காருக்கும் ரயிலுக்கும் சொன்ன தடை படகுக்கும் உண்டு. கொடி தண்ணீரில் படவும் கூடாது. தூறலும் தண்ணீர்தானே என்று பேரன் கேட்டான். கேப்டனிடம் பதில் இல்லை. கொடி மருமகளின் கைப்பைக்குள் போனது.

அந்த நேரம் பார்த்துக் கரையில் எங்கோ ஒலிபெருக்கியில் தேசிய கீதம் ஆரம்பித்தது. பெரியவர் எழுந்தார். படகும் ஒரு பக்கமாக எழுந்தது. “மாமா!” என்று மருமகள் உயிர்காப்பு உடையைப் பிடித்து இழுத்தாள். அவர் உட்காரவில்லை. மகனும் பேரனும் விறைப்பாக உட்கார்ந்து மிதிப்பதை நிறுத்திவிட்டார்கள். முழு கீதத்துக்கு 52 விநாடி. அதற்குள் காற்று படகைத் திருப்பி, தேனிலவுத் தம்பதி ஒன்றின் படகில் கொண்டுபோய் முட்டியது. அவர்களும் எழ முயன்று, முடியாமல், கும்பிடு போட்டார்கள்.

முட்டிய தோஷத்துக்குப் பரிகாரமாகத் தூத்துக்குடி மக்ரூன் பொட்டலம் படகு விட்டுப் படகு போனது. முந்திரியும் முட்டை வெள்ளையும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பண்டம் ஈரக்காற்றில் நமத்துவிடும் என்பதால், இருப்பு முழுவதும் அங்கேயே காலியாயிற்று.

படகுத்துறையில் நேரம் தாண்டிவிட்டது, கூடுதல் பணம் கட்டுங்கள் என்றார்கள். மகன் பர்ஸை எடுத்தான். பெரியவர் தடுத்தார். கட்டுகிறோம், ஆனால் தேசிய கீதத்துக்கு உண்டான 52 விநாடியைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள் என்றார்.