கால் சார்

ஓய்வு பெற்றவர்களில் பல ரகம் உண்டு. கோயில் கமிட்டியில் நுழைகிறவர், விடியுமுன் வாட்ஸ்அப்பில் ரோஜாப்பூ அனுப்புகிறவர், அரை ஏக்கரில் டிராகன் பழம் போட்டு மச்சானிடம் கடன் கேட்கிறவர். இவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். சென்னையில் உத்தியோகம் பார்த்த நாளில், யாரோ மேலதிகாரியின் விருந்தாளியாகக் கிண்டி குதிரைப் பந்தயத் திடலுக்குள் போய் நாலைந்து தடவை கோல்ஃப் ஆடிவிட்டு, பென்ஷனோடு எங்கள் ஊர் பிரம்மதேசம் திரும்பியவர் தனி ரகம். நாங்கள் 'கோல்ஃப் சார்' என்கிறோம். பையன்கள் 'கால் சார்' என்கிறார்கள். வாய் குழறியா, வேண்டுமென்றா தெரியாது. பொருத்தம் என்னவோ அதுதான்.

ஏனென்றால் அவர் வாயைத் திறந்தாலே கால்தான். "கை அடிக்குதுன்னு நெனைக்கிறீங்க. கை வெறும் போஸ்ட்மேன் சார். லெட்டர் எழுதுறது காலு!" என்று டீக்கடை பெஞ்சிலிருந்து எழுந்து, குடையைத் தலைகீழாகப் பிடிப்பார். அனுபவஸ்தர்கள் கிளாஸைக் கையில் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம்.

நியாயமாகச் சொன்னால், பாடம் சரிதான். கோலைப் பின்னால் தூக்கும்போது உடம்பின் பாரம் வலது காலின் உள்பக்கம் இறங்க வேண்டும். முட்டி வெளியே சாயக்கூடாது. கை கீழே வருமுன்பே இடது பாதம் தரையை அழுத்தி, இடுப்பு திரும்பத் தொடங்கிவிட வேண்டும். இடது கால் விறைத்து நிமிரும்போது அந்த வேகம் இடுப்பிலிருந்து மார்புக்கு, தோளுக்கு, கைக்கு, கோல்நுனிக்கு என்று கூடிக்கொண்டே போகும். முடிவில் வலது குதிகால் தூக்கி, விரல்நுனி மட்டும் தரையில். 46 கிராம்கூடத் தேறாத பந்துக்கு இவ்வளவு சடங்கு. "நம்ம நிக்லாஸ் இடது குதிகாலைத் தூக்கி நச்சுனு எறக்குவாரு பாருங்க" என்பார், கோல்ஃப் ஆட்டக்காரர் ஜாக் நிக்லாஸ் ஏதோ பக்கத்துப் பெருமுக்கலில் பெண் எடுத்தவர் மாதிரி.

ஒருநாள் டைகர் உட்ஸ் கதை. 2008 யு.எஸ். ஓப்பன், இடது முட்டியில் ஜவ்வு கிழிசல், கால் எலும்பில் விரிசல், அதோடு 91 குழி ஆடி ஜெயித்தார். "அப்ப காலே இல்லாட்டியும் ஜெயிக்கலாம்னு சொல்லுங்க" என்றார் டீ மாஸ்டர். சார் இரண்டு நாள் அந்தக் கடைப்பக்கம் வரவில்லை.

ஊரில் கோல்ஃப் மைதானம் இல்லாததால், ஏழாம் நம்பர் அயர்ன் கோலை டி.வி.எஸ். எக்ஸ்.எல்.லில் கட்டிக்கொண்டு மரக்காணம் உப்பளத்துக்குப் போவார். தை மாதம் ஒரு காலை, நானும் பின்சீட்டில். மழை ஓய்ந்து, சேறு வாரிப்போட்டு, பாத்தி மிதித்துக்கொண்டிருந்தார்கள். உப்பளத்தில் அதுதான் பெரிய வேலை. பத்துப் பேர் வரிசை கட்டி, அடிமேல் அடி வைத்து, களிமண் இறுகுகிற வரைக்கும் மிதிப்பார்கள். தரை இறுகாவிட்டால் தண்ணீர் கீழே உறிஞ்சிப் போகும். வாரும்போது உப்போடு மண்ணும் வரும்.

சார் நேராக அவர்களிடம் போய்க் காலின் மகத்துவத்தை விளக்கினார். பிறகு செயல்முறை. பாத்தி ஓரமாக நின்று, கோலைத் தூக்கி, "இப்ப எடது காலு!" என்று அழுத்தினார். இடது கால் முழங்கால்வரை போய்விட்டது. செருப்பு மட்டும் இன்னும் வரவில்லை.

"அது மிதிக்காத பக்கம், தம்பி. நாங்க மிதிச்ச பக்கமா வந்து நில்லு" என்றார் வரிசையில் இருந்த ஆயா. சிரிக்கக்கூட இல்லை.

சித்திரையில் மறுபடியும் போனோம். இறுகிய வரப்பு, புது செருப்பு. என் கண்ணாலேயே பார்த்தேன்: இடுப்பு திரும்பியது, கால் நிமிர்ந்தது, பந்து பறந்தது. வாழ்நாளில் அவர் அடித்த ஒரே உருப்படியான அடி. நேராகப் போய் உப்பு அம்பாரத்தில் சொருகிக்கொண்டது. வெள்ளையில் வெள்ளை. முக்கால் மணி நேரம் இருவரும் கைவிட்டுக் கிளறினோம், நகக்கண்ணெல்லாம் எரிச்சல்.

அதே ஆயா வெறுங்காலோடு அம்பாரத்தில் இரண்டு சுற்று ஏறி இறங்கினார். நின்றார். குனிந்து எடுத்துக் கொடுத்தார்.

"எப்படி ஆயா?"

"கால்ல தட்டுப்படாதா தம்பி?"

மறுநாள் டீக்கடையில் சார் குடையைத் தொடவில்லை. கிளாஸை ஒருபக்கமாகச் சுழற்றிக் காட்டி, "எல்லாம் மணிக்கட்டுதான் சார்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்.